பிரசவ லீவில் கையில் வரும் சம்பளம்: இரண்டு பிள்ளைகள், இரண்டு கம்பனிகள், கொஞ்சம் கணக்கு

"சட்டத்திலேயே 84 நாள் சம்பளத்தோடு லீவு இருக்குதே, பிறகு கம்பனி எதற்கு மேலதிகமாக டாப்-அப் தர வேணும்?" என்று கொழும்பில் வேலை செய்கிற எத்தனையோ பேர் கேட்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களே கேட்கிறார்கள். டாப்-அப் என்றால் சட்டப்படி வருவதற்கு மேல், லீவில் குறைகிற சம்பளத்தைக் கம்பனி நிரப்பித் தருகிற காசு. கேட்பதில் பிழையில்லை. ஆனால் நாங்கள் குடும்பம் நடத்துவது சம்பளச் சிட்டையின் கடைசி வரியை வைத்து, லீவில் போகும்போது பல கம்பனிகள் பார்ப்பது அதன் முதல் வரியை. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் கிடக்கிற காசைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

மூத்தவன் 2019இல் பிறந்தான். அப்போது கோட்டைப் பக்கம் ஒரு ஷிப்பிங் கம்பனியில் டொக்யுமென்டேஷன் பிரிவில் வேலை. அடிப்படைச் சம்பளம் 48,000 ரூபாய், ட்ரவலிங் அலவன்ஸ் 15,000, அதற்கு மேல் அந்த மாதம் முடித்துக் கொடுத்த ஷிப்மென்ட்டுகளைப் பொறுத்து இன்சென்டிவ். அது கூடிக் குறைந்து சராசரியாக 22,000 வரும். ஆக 85,000 சம்பளக்காரி என்றுதான் வீட்டிலும் வங்கியிலும் என்னைப் பற்றி எண்ணம், எனக்கும் அதே எண்ணம்தான். லீவில் போன பிறகு வந்த முதல் சம்பளத்தில் அடிப்படை 48,000 மட்டும் இருந்தது. அதில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம், அதாவது 3,840 கழிந்து 44,160 கணக்கில் விழுந்தது. வெள்ளவத்தையில் எங்கள் அனெக்ஸுக்கு வாடகை 35,000. மீதி 9,160 ரூபாயை வைத்துக்கொண்டு பால்மா, பம்பர்ஸ், கரண்ட் பில், எனக்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவின் பிரஷர் மருந்து என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். என் கணவர் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர், அவருடைய சம்பளத்தில் பாதி ஏற்கெனவே கலியாணக் கடனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எச்.ஆரில் கேட்டேன். "லீவில வீட்ட இருக்கிறவங்களுக்கு ட்ரவலிங் எதுக்கு மிஸ்?" என்று திருப்பிக் கேட்டார் அங்கிருந்த அலுவலர். கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த 15,000 ஒருநாளும் பிரயாணச் செலவாக இருந்ததில்லை. நான் 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் வருகிறவள், மாதம் முழுக்கப் போய் வந்தாலும் அந்தத் தொகையின் அருகில்கூடப் போகாது. ஒரு டிக்கெட் துண்டும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் நடந்தே வருகிறவர், அவருக்கும் அதே 15,000தான். வருடாந்த லீவில் ஒரு கிழமை ஊருக்குப் போய் வந்த மாதத்திலும் அது குறையவில்லை. அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டினால் ஈ.பி.எஃப்., ஈ.ரீ.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி), மேலதிக நேரக் கொடுப்பனவு, பணிக்கொடை எல்லாம் சேர்ந்து கூடும் என்பதால் சம்பளத்தின் ஒரு துண்டை வெட்டி அலவன்ஸ் என்று பெயர் வைக்கிறார்கள். கொழும்பில் தனியார் துறையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிள்ளை பெறப் போகும்போதுதான் அந்தப் பெயர் மாற்றம் எங்கள் வயிற்றில் அடிக்கிறது.

அதைவிடப் பெரிய அடி ஒன்று இருந்தது, எனக்கு அது விளங்க ஒரு வருடம் பிடித்தது. லீவில் இருந்த காலத்தில்தான் வருடாந்த மதிப்பீடு நடந்தது. நான் இல்லாததால் எனக்கு மதிப்பெண் போடவில்லை, மதிப்பெண் இல்லாததால் சம்பள உயர்வும் இல்லை. மற்றவர்களுக்கு 10 வீதம் கூடியது. 48,000இல் 10 வீதம் 4,800 ரூபாய். அலவன்ஸ் நின்றது நாலு மாதத்தோடு முடிந்த கதை. இந்த 4,800 அப்படி இல்லை, நான் அந்தக் கம்பனியில் இருந்த கடைசி மாதம் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் போனது, அதற்குரிய ஈ.பி.எஃப். பங்கும் போனது, அடுத்தடுத்த உயர்வுகள் எல்லாம் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் ஏறின. அதனால் டாப்-அப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் நான் கேட்கிற கேள்வி, "உங்கட அப்ரைசல் எந்த மாதம்?" என்பதுதான்.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யார் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள் என்பது தெரியாமல் ஒருவருடைய அனுபவத்தை இன்னொருவருக்குப் பொருத்திப் பார்த்துக் குழம்புகிறார்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம். தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். முன்பு மூன்றாவது பிள்ளை என்றால் லீவு 42 நாளாகக் குறைந்துவிடும். 2018இல் இரண்டு சட்டங்களையும் திருத்தி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள் என்று ஆக்கினார்கள். அலுவலகக்காரருக்கு இந்த 84 நாளில் வாராந்த விடுமுறை, போயா (பௌர்ணமி விடுமுறை), சட்டபூர்வ விடுமுறைகள் சேராது. 14 நாள் பிரசவத்துக்கு முன், 70 நாள் பின் என்பது கணக்கு. வாரம் ஐந்து நாள் வேலை நாளாக எண்ணினால் கிட்டத்தட்ட நாலு மாதம் வரும், சனியையும் வேலை நாளாக எண்ணினால் மூன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும். சனிக்கிழமையை எப்படி எண்ணுகிறார்கள் என்பதைக் கட்டாயம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட மூன்று கிழமை வித்தியாசம் என்பது கைப்பிள்ளைக்காரிக்குச் சின்ன விஷயம் இல்லை.

அரச ஊழியர்களின் கதை வேறு. அவர்களுக்குத் தாபன விதிக்கோவையின்படி முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள், அது முடிய அரைச் சம்பளத்தில் 84 நாள், அதற்குப் பிறகு சம்பளமில்லாமல் இன்னொரு 84 நாள் எடுக்கலாம். என் மச்சாள் ஆசிரியை, அவர் பிள்ளையோடு வீட்டில் இருந்த காலத்தைப் பார்த்து நானும் அப்படி இருக்கலாம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். தனியார் துறையில் 84 முடிந்தால் முடிந்ததுதான், அதற்கு மேல் கம்பனி மனசு வைத்தால் உண்டு.

இரத்மலானையில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிற அக்கா ஒருவர் எங்கள் மேல்மாடியில் இருந்தார். நாட்கூலி, துண்டுக்கூலி அடிப்படையில் வேலை செய்கிறவர்களுக்குக் கட்டளைச் சட்டத்தின்படி மகப்பேற்று நன்மை கூலியில் ஏழில் ஆறு பங்கு. கேட்க ஏழில் ஒன்றுதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் அந்த அக்காவுக்கு மாதக் கடைசியில் கையில் வந்ததில் பெரும்பகுதி ஓ.டியும், ஒரு நாளும் தவறாமல் வந்தால் கிடைக்கிற வரவு இன்சென்டிவும், டார்கெட் காசும். இவை எல்லாம் போய், மிச்சமிருந்ததில் ஏழில் ஒன்றும் போனால் என்ன நிற்கும்? பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகும்போதே திரும்பப் போய்விடுவோமா என்று அவர் யோசித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்ததைக் கண்டிருக்கிறேன். டாப்-அப் பற்றிக் கதைக்கும்போது குளிரூட்டிய அலுவலகத்தில் இருக்கிற என்னைப் போன்றவர்களைவிட இவர்களுக்குத்தான் அது முதலில் தேவை என்பதை மறக்கக்கூடாது.

ஸ்காபரோவில் இருக்கிற சித்தி மகளிடம்தான் டாப்-அப் என்ற ஏற்பாட்டைப் பற்றி முதலில் கேட்டேன். கனடாவில் மகப்பேற்று லீவுக் காசு வேலைக் காப்புறுதியிலிருந்து வருகிறது, வழமையான திட்டத்தில் வருமானத்தின் 55 வீதம், அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. மீதி இடைவெளியைக் கம்பனி விரும்பினால் நிரப்பலாம். அங்கே மத்திய அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தின் 93 வீதம் வரைக்கும் நிரப்பிக் கொடுக்கிறார்கள், பதிலுக்குத் திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும். இலண்டனில் முதல் ஆறு வாரத்துக்குச் சம்பளத்தின் 90 வீதம், அடுத்த 33 வாரத்துக்கு ஒரு நிலையான சிறு தொகை (90 வீதம் அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த தொகை). அதைக் கம்பனி கொடுத்தாலும் பெரும்பகுதியை அரசிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அங்கே அரசு ஒரு தளம் போட்டுக் கொடுக்கிறது, கம்பனி அதன் மேல் ஏற்றுகிறது. இங்கே அந்தத் தளத்தையும் கம்பனியே போட வேண்டும், முழுக் காசும் முதலாளியின் சட்டைப்பையிலிருந்துதான். இதை விளங்கிக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போனால் எதிரில் இருக்கிறவர் ஏன் தயங்குகிறார் என்பது தெரியும், எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதும் பிடிபடும்.

இளையவள் 2023இல். அதற்கிடையில் வேறொரு கம்பனிக்கு மாறியிருந்தேன். அடிப்படை 95,000, நிலையான அலவன்ஸ் 35,000, இன்சென்டிவ் சராசரியாக 40,000, மொத்தம் 170,000. இந்த முறை வயிற்றில் மூன்று மாதம் முடிந்ததுமே சீ.ஆர். கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, சம்பளச் சிட்டையில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் இடப்பக்கம் எழுதினேன். பக்கத்தில் மூன்று கட்டம்: இது மாதாமாதம் ஒரே தொகையா, இதற்கு ஈ.பி.எஃப். பிடிக்கிறார்களா, இதற்கு பில் கொடுக்கிறேனா. எழுதி முடித்தபோது பாதிக் கேள்விக்குப் பதில் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. போன் பில் நான் பில் கொடுத்து வாங்குவது, வீட்டில் இருக்கும்போது வராவிட்டால் அது நியாயம். 35,000 நிலையான அலவன்ஸுக்கு ஒவ்வொரு மாதமும் ஈ.பி.எஃப். போய்க்கொண்டிருந்தது. ஈ.பி.எஃப். சட்டத்தில் சம்பாத்தியம் என்று சொல்வதற்குள் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, அதுபோன்ற ஏனைய படிகள், விடுமுறைக்கான கொடுப்பனவு, சாப்பாட்டின் பெறுமதி எல்லாம் அடங்கும், மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது. ஒரு அலவன்ஸுக்குக் கம்பனி தன்னுடைய 12 வீதத்தைக் கட்டிக்கொண்டு வருகிறதென்றால் அது சம்பளம் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. என் வாதத்தின் முதுகெலும்பு இதுதான், இது வேலை செய்தது.

எச்.ஆர். மெனேஜர் ஒரு சிங்களப் பெண், அவரும் இரண்டு பிள்ளைகளின் தாய். அறைக்குள் போனதும், "மேடம், என்னுடைய 84 நாளில் சம்பளச் சிட்டையின் எந்தெந்த வரி வரும், எது வராது என்று ஒரு ஈமெயிலாகத் தர முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். சலுகை கேட்கவில்லை, தகவல்தான் கேட்டேன். கொள்கை என்ன என்று எழுத உட்காரும்போதுதான் கம்பனிக்கே தன்னிடம் கொள்கை இருக்கிறதா இல்லையா என்பது தெரிய வருகிறது. எங்கள் கம்பனியில் பிரசவ லீவு பற்றி அரைப் பக்கம் இருந்தது, அலவன்ஸ் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு முன் போனவர்களில் ஒருவருக்கு அலவன்ஸ் கிடைத்திருந்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மெனேஜர் அதைப் பார்த்துவிட்டு உண்மையிலேயே சங்கடப்பட்டார். பழையபடி ஆளுக்கு ஒரு நீதியாக விடாமல், எல்லோருக்குமாக ஒரு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவோம் என்று அவரே சொன்னார்.

இன்சென்டிவ்தான் இழுபறி. "வேலை செய்யாத மாதத்துக்கு எப்படி இன்சென்டிவ் தருவது, உங்கள் பங்கு வேலையைச் செய்கிறவர்களுக்கு அல்லவா அது போக வேண்டும்" என்றார் நிதிப் பக்கம் இருந்த ஐயா. அதில் நியாயம் இருக்கிறது, என் கஸ்டெக்குகளை (சுங்கத்துக்குக் கொடுக்கிற பிரகடனங்களை) அந்த நாலு மாதமும் பார்க்கப் போவது என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள், அவர்களின் காசைப் பிடுங்கி எனக்குத் தர நானே சம்மதிக்க மாட்டேன். அதனால் கேட்பதை மாற்றினேன்: பிரிவின் இன்சென்டிவ் பணத்தைத் தொட வேண்டாம், கம்பனி தனியாக, என்னுடைய கடைசி ஆறு மாத சராசரியில் பாதியை டாப்-அப்பாகத் தரட்டும். சராசரி 40,000, பாதி 20,000. நிலையான அலவன்ஸ் 35,000உம் சேர்ந்தால் கம்பனிக்கு மாதம் 55,000, நாலு மாதத்துக்கு 220,000 ரூபாய். இந்த எண்ணை நானே அவர் முன் வைத்தேன். பக்கத்தில் இன்னொரு எண்: நான் போய்விட்டால் புது ஆளைப் பிடித்துத் தருகிற ஏஜென்சிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், வருகிறவர் கஸ்டெக் போடப் பழகி, எந்த வாடிக்கையாளருக்கு எந்த எச்.எஸ். கோட் (பொருளுக்குரிய சுங்க வகை எண்) என்று மனப்பாடமாகும் வரைக்கும் பிழைகளும் துறைமுகத்தில் டெமரேஜும் (தாமதக் கட்டணமும்) கம்பனியின் தலையில். ஐயா கல்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பார்த்தார், அப்புறம் தலையை ஆட்டினார். கண்ணீர் விட்டுக் கேட்டிருந்தால் இரக்கப்பட்டு ஒரு தொகையைக் கையில் தந்திருப்பார்கள், அது எனக்கு மட்டும், அந்த முறைக்கு மட்டும். கணக்கோடு கேட்டதால் அது கொள்கைப் பக்கத்தில் ஏறியது.

முடிவில் வந்தது இதுதான். 84 நாளுக்கும் அடிப்படையும் நிலையான அலவன்ஸும் முழுமையாக, இன்சென்டிவ் சராசரியில் பாதி, அது முடிந்ததும் விரும்பினால் இன்னொரு மாதம் அரை அடிப்படையில் வீட்டில் இருக்கலாம். மொத்தமாக 170,000க்குப் பதில் 150,000. வரி, ஈ.பி.எஃப். எல்லாம் அதில் கழியும். டாப்-அப்பும் வருமானம்தான், சும்மா வருகிற காசு என்று நினைத்துத் திட்டம் போட்டு விடாதீர்கள்.

ஒரு இடத்தில் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருக்க வேண்டும். முதல் வரைவில் 35,000ஐ அலவன்ஸ் என்று போடாமல், கம்பனி நல்லெண்ணத்தில் தரும் விசேட கொடுப்பனவு என்று போட்டிருந்தார்கள். தொகை அதேதான், கையில் வருவதும் ஏறக்குறைய அதேதான், ஏன் சண்டை என்று தோன்றும். அப்படிப் போட்டால் அந்தத் தொகைக்கு ஈ.பி.எஃப். வராது. கம்பனியின் பங்கு 12 வீதம் என்றால் மாதம் 4,200, ஈ.ரீ.எஃப். 3 வீதம் என்றால் 1,050. நாலு மாதத்துக்கு 21,000 ரூபாய் என் ஓய்வுகாலக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கழிந்திருக்கும். அதோடு, நல்லெண்ணத்தில் தருவதை நல்லெண்ணம் இல்லாத நாளில் நிறுத்தவும் முடியும். அந்த வரியை மாற்றித் தரும்படி கேட்டேன், மாற்றினார்கள். இன்சென்டிவுக்குப் பதிலான 20,000க்கு ஈ.பி.எஃப். இல்லை என்று சொன்னார்கள், அதை விட்டுக்கொடுத்தேன்.

பிறகு பொண்ட். டாப்-அப் தருகிற கம்பனிகள் பல, திரும்பி வந்து இத்தனை மாதம் வேலை செய்யாவிட்டால் காசைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒரு வரி போடும். கனடாவிலும் அப்படித்தான் என்று மேலே சொன்னேன், அதனால் கொள்கையளவில் எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் எழுதியிருக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வரைவில் ஆறு மாதத்துக்குள் எந்தக் காரணத்துக்காக விலகினாலும் முழுத் தொகையும் என்று இருந்தது. ஐந்து மாதமும் இருபது நாளும் வேலை செய்துவிட்டுப் போனாலும் முழுத் தொகையா? வேலை செய்த மாதங்களுக்கு ஏற்பக் குறைய வேண்டும் என்று கேட்டோம். பிள்ளைக்கோ தாய்க்கோ கடும் சுகயீனம் என்றால், அல்லது கம்பனியே ஆளை நிறுத்தினால் பொண்ட் பொருந்தாது என்றும் சேர்க்கச் சொன்னோம். இன்னொன்று, அது மிக முக்கியம்: சட்டப்படி வர வேண்டிய சம்பளத்தை ஒருபோதும் பொண்டுக்குள் சேர்க்க விடாதீர்கள். திருப்பிக் கேட்கலாம் என்றால் கம்பனி மேலதிகமாகத் தந்ததை மட்டும்தான் கேட்கலாம், 84 நாள் சம்பளம் நமக்கு உரித்தானது. கையெழுத்துப் போடும் தாளில் இரண்டும் தனித்தனியாகத் தொகையோடு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எழுதக் கஷ்டமான ஒன்றையும் எழுத வேண்டும். பிள்ளை உயிரோடு பிறக்காத தாய்க்கும் சட்டத்தில் 42 நாள் லீவு இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. எங்கள் கொள்கை நடைமுறைக்கு வந்த பிறகு, கூட வேலை செய்த ஒருவருக்கு அப்படி நடந்தது. லீவைக் கொடுத்தார்கள், சம்பளமும் வந்தது. ஆனால் டாப்-அப் படிவத்தில், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இணைத்தால் மட்டுமே கொடுப்பனவு என்று ஒரு வரி இருந்தது. சம்பளப் பிரிவில் இருந்த பையன், பாவம், படிவத்தில் இருப்பதைத்தான் கேட்டான்: "மிஸ், சான்றிதழ் இன்னும் வரல." அந்த ஈமெயில் யாருக்குப் போனது என்று நினைத்துப் பாருங்கள். அந்த வரியை எழுதியபோது நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை, யோசித்திருக்க வேண்டிய விஷயம். அடுத்த நாளே நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து மெனேஜருக்கு எழுதினோம். இப்போது அங்கே வைத்தியச் சான்றிதழ் என்று இருக்கிறது, 42 நாள் லீவுக்கும் டாப்-அப் உண்டு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. நீங்கள் உங்கள் கம்பனியில் ஒரு கொள்கை எழுத உதவுகிறீர்கள் என்றால் தயவுசெய்து இந்த ஒரு வரியை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

சம்பள உயர்வையும் சொல்லி முடிக்கிறேன். இந்த முறை லீவில் போவதற்கு முன்பே, அதுவரை நான் செய்த வேலையை வைத்து மதிப்பிட்டு விடுங்கள், இல்லாவிட்டால் பிரிவின் சராசரி உயர்வைத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டேன். சராசரியைத் தந்தார்கள். காசாகப் பார்த்தால் டாப்-அப்பைவிட இதுதான் எனக்குப் பெரிய இலாபம். ஏப்ரலில் வருகிற சித்திரைப் போனஸையும் இதே மாதிரி கேட்க வேண்டும், வேலைக்கு வந்த நாட்களுக்கு மட்டும் என்று பிரசவ லீவைக் கழித்துக் கணக்குப் போடுகிற கம்பனிகள் உண்டு.

எல்லோருக்கும் இப்படிக் கேட்டு வாங்கக்கூடிய இடம் அமையாது என்று எனக்குத் தெரியும். டாப்-அப் என்பது கம்பனியின் விருப்பம், அதற்காக யாரிடமும் முறையிட முடியாது. ஆனால் சட்டப்படி வர வேண்டிய 84 நாளே ஒழுங்காக வராவிட்டால், அல்லது பிள்ளைத்தாச்சி என்ற ஒரே காரணத்துக்காக வேலையை விட்டு நிறுத்தினால் (அப்படி நிறுத்துவது சட்டவிரோதம்), உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திலோ நாரஹேன்பிட்டியில் இருக்கிற தொழில் திணைக்களத்திலோ முறைப்பாடு கொடுக்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சிட்டைகள், லீவு விண்ணப்பத்தின் பிரதி, கிளினிக்கில் தந்த பதிவு, ஈ.பி.எஃப். கூற்று இவ்வளவும் ஒரு ஃபைலில் இருந்தால் போதும். சம்பளச் சிட்டை கம்பனியின் சிஸ்டத்தில் மட்டும் இருந்தால் லீவில் போகும் முன்பே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், லீவில் இருக்கும்போது உள்நுழைய முடியாமல் போவது சாதாரணமாக நடக்கிறது.

தகப்பன்மாருக்கு அரச துறையில் மூன்று நாள், தனியார் துறையில் சட்டப்படி ஒன்றுமே இல்லை. என் கணவர் தன் வருடாந்த லீவை எடுத்துத்தான் ஆஸ்பத்திரியில் நின்றார். அதைப் பற்றித் தனியாக ஒருநாள் எழுத வேண்டும்.

சின்னக் கம்பனிகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு கிளியரிங் வேலை (சுங்கத்திலிருந்து சரக்கை விடுவிப்பது) செய்கிற முதலாளிமார் பலரை என் தொழிலில் தெரியும். ஒரு பெண் லீவில் போனால் அவருக்கும் சம்பளம், அவருடைய வேலையைப் பார்க்க வருகிறவருக்கும் சம்பளம். அதனால்தான் நேர்முகத் தேர்வில் "கலியாணம் முடிச்சாச்சா, பிள்ளைகள் இருக்கா" என்று கேட்கிறார்கள், பதிலைக் கேட்டதும் ஃபைலை மூடுகிறார்கள். சர்வதேச தொழில் அமைப்பின் 2000ஆம் ஆண்டின் 183ஆம் சமவாயம் ஆகக்குறைந்தது 14 வாரம் லீவு, வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத கொடுப்பனவு என்று சொல்வதோடு, அந்தச் செலவை முதலாளி தனியாளாகச் சுமக்கக்கூடாது, சமூகக் காப்புறுதி மூலமாகவோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும் என்றும் சொல்கிறது. ஈ.பி.எஃப்., ஈ.ரீ.எஃப். என்று மாதாமாதம் எல்லா முதலாளிகளிடமும் அறவிட்டுப் பழகிய நாடு இது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவாக ஒரு சின்ன வீதத்தை மகப்பேற்று நிதிக்கென்று அறவிட்டால், பெண்ணை வேலைக்கு எடுத்தவர் மட்டும் செலவாளியாக நிற்க மாட்டார்.

அது வரும்வரைக்கும் செய்யக்கூடியது என்று, எனக்குத் தெரிந்த ஒரு கிளியரிங் கம்பனி முதலாளி செய்ததைச் சொல்கிறேன். அவரிடம் பெரிய காசு இல்லை, மாதம் 20,000, 30,000 டாப்-அப் அவரால் முடியாது. தன்னிடம் இருக்கிற எல்லா ஊழியர்களின் பெயரிலும், ஆண் பெண் பார்க்காமல், மாதம் ஒரு சிறு தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைக்கிறார். யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், தாயானாலும் தகப்பனானாலும், அதிலிருந்து கொடுக்கிறார். போன வருடம் அங்கே டிக்ளரேஷன் போடுகிற பெண் லீவில் போனபோது, அலவன்ஸ் முழுவதும் அந்தக் கணக்கிலிருந்துதான் போனது. அவர் திரும்பி வேலைக்கு வந்துவிட்டார்.